மூன்று செஞ்சிகள்: ஒரு சிற்றூரின் நிலம், வரலாறு, மக்கள்

திண்டிவனத்தில் திருவண்ணாமலைப் பேருந்து ஏறினால் செஞ்சி 28 கிலோமீட்டர். பேருந்து நிலையத்தில் வண்டி சற்று நேரம் நிற்கும். வேர்க்கடலைப் பொட்டலமும் வெள்ளரிப் பிஞ்சும் சன்னலோரம் வந்து போகும். மறுபடி கிளம்பி ஊரைத் தாண்டியதும் சாலை ஒரு கோட்டைச் சுவரைப் பிளந்துகொண்டு உள்ளே நுழையும். இடப்பக்கம் ராஜகிரி, வலப்பக்கம் கிருஷ்ணகிரி. கொஞ்ச தூரத்தில் மேற்குச் சுவரையும் தாண்டி வண்டி வெளியே வந்துவிடும். நுழைவுச் சீட்டு வாங்காமல் செஞ்சிக் கோட்டைக்குள் போய் வந்தவர்கள் வடதமிழ்நாட்டில் லட்சக்கணக்கில் இருப்பார்கள். அவர்களில் பாதிப்பேர் அப்போது தூங்கிக்கொண்டிருந்திருப்பார்கள்.

இந்த ஊரைப் பற்றிய மூன்று கணக்குகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 1597-இல் நிகோலாவு பிமெண்டா என்ற ஏசுசபைத் துறவி இங்கே வந்தார். இந்தியாவில் தாம் கண்ட பெரிய நகரங்களுள் இது ஒன்று, லிஸ்பனைத் தவிரப் போர்ச்சுகலின் எந்த நகரமும் இந்த அளவுக்குப் பெரிதல்ல என்ற பொருளில் எழுதிவைத்தார். ஏறத்தாழ முந்நூறு ஆண்டு கழித்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிவந்த ஆங்கிலேய அரசின் கெசட்டியர், செஞ்சியைத் திண்டிவனம் வட்டத்தைச் சேர்ந்த, சில நூறு பேர் வாழும் சிற்றூராகக் காட்டியது. பழைய கதை தவிர இங்கே சொல்ல எதுவுமில்லை என்பதே அதன் தொனி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் செஞ்சிப் பேரூராட்சியில் 27 ஆயிரம் பேர்.

முதல் இரண்டு கணக்கையும் வைத்துக்கொண்டு 'அழிந்த தலைநகர்' என்று பெருமூச்சு விடுவது வழக்கம். சுற்றுலாக் கையேடுகளும் அதைத்தான் செய்கின்றன. மூன்றாவது கணக்கை யாரும் பொருட்படுத்துவதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால் செஞ்சி என்ற பெயரில் இருந்தது ஒரே ஊர் அல்ல. மேலச்சேரிப் பக்கம் இருந்த பழைய செஞ்சி, மலைகளுக்கு நடுவே சுவர் வளைத்து எழுப்பிய கோட்டைச் செஞ்சி, கோட்டைக்குக் கிழக்கே சாலையோரம் வளர்ந்த இன்றைய செஞ்சி என மூன்று ஊர்கள். ஒன்றின் அழிவை இன்னொன்றின் தலையில் கட்டினால் கணக்குத் தப்பாகிவிடும்.

பாறையும் ஏரியும்

செஞ்சியின் மலைகள் தொடர்மலைகள் அல்ல. கல் கல்லாகக் கொட்டிக் குவித்தாற்போன்ற குன்றுகள். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு பாறை இப்போதே உருண்டு விழும் என்று தோன்றும். இந்தக் கல் பூமியின் மிகப் பழைய பாறை வகையைச் சேர்ந்தது. வெடிப்புகளில் மழைநீர் இறங்கி, வெயிலும் குளிரும் மாறிமாறித் தாக்கி, வெங்காயம் உரிவதுபோல் மேற்பரப்பு உரிந்து உரிந்து கூர்முனைகள் மழுங்கி உருண்டையானவை. கோட்டை கட்டியவர்களுக்கு இதனால் இரண்டு வசதி. எதிரி ஏற முடியாத செங்குத்து இயற்கையாகவே கிடைத்தது. சுவருக்கு வேண்டிய கல்லை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியிருக்கவில்லை.

மேற்கே ராஜகிரி, வடக்கே கிருஷ்ணகிரி, தென்கிழக்கே சந்திரகிரி என்றும் சந்திராயன் துர்க்கம் என்றும் சொல்லப்படும் மூன்றாவது மலை. மூன்றையும் இணைத்து ஒரு முக்கோணமாகச் சுவர் ஓடுகிறது. சுற்றளவு சுமார் 13 கிலோமீட்டர். ராஜகிரி ஏறத்தாழ 800 அடி உயரம். உச்சிக்குப் போகும் வழியில் மலையே பிளந்து ஒரு பள்ளம் இருக்கிறது. அகலம் 24 அடி, ஆழம் 60 அடி. அதன்மேல் போட்ட மரப்பாலத்தை இழுத்துவிட்டால் மேலே போக வேறு வழியில்லை. கோட்டைக் கலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் சுவர்களின் தடிமனைச் சொல்வார்கள். செஞ்சியில் கெட்டிக்காரத்தனம் இந்தப் பள்ளத்தைக் கண்டுபிடித்ததில் இருக்கிறது.

தண்ணீர் வேறு கதை. மலைமேல் சுனைகள் உண்டு. அடிவாரத்தில் செட்டிகுளமும் சக்கரக்குளமும் உண்டு. கல்யாண மகாலின் அடுக்குகளுக்குச் சுடுமண் குழாய் வழியே நீர் ஏற்றிய ஏற்பாட்டின் தடயங்களை இன்றும் பார்க்கலாம். சமவெளியில் ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். அந்த இரண்டு மாத மழையைப் பிடித்துவைத்து மீதி ஆண்டை ஓட்ட வேண்டும் என்பதால் இப்பகுதி முழுதும் ஏரிகள். ஏரி நிரம்பினால் நெல், நிரம்பாவிட்டால் வேர்க்கடலை, கம்பு, உளுந்து. இப்போது ஆழ்துளைக் கிணறுகள் இந்தக் கணக்கைக் குழப்பிவிட்டன என்றாலும் ஏரி தளும்பியதா என்ற கேள்வி இன்னும் டீக்கடைப் பேச்சிலிருந்து போகவில்லை.

ஆறு என்று சொல்ல இருப்பது சங்கராபரணி. செஞ்சியாறு என்றும் வராக நதி என்றும் அதற்குப் பெயர். செஞ்சிக்கு மேற்கேயுள்ள குன்றுகளில் தோன்றித் தென்கிழக்காக ஓடி, வழியில் தொண்டியாற்றைச் சேர்த்துக்கொண்டு, புதுச்சேரிப் பக்கம் கடலில் விழுகிறது. இரண்டும் சேருமிடத்தில் 1950-களின் இறுதியில் வீடூர் அணை கட்டினார்கள். அதன் பாசனப் பரப்பு 3,200 ஏக்கர். அதில் ஆயிரம் ஏக்கர் புதுச்சேரிக்கு உரியது. ஆண்டில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறுதான். ஆனால் செஞ்சிக்கும் புதுச்சேரிக்கும் உள்ள உறவு இந்த ஆற்றுவழியிலேயே தொடங்குகிறது. பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சிமேல் கண்வைத்ததற்கும் அதுவே காரணம். புதுச்சேரியின் கொல்லைப்புறக் கதவு இது.

கோட்டைக்கு முன்னால்

செஞ்சி என்றதும் எல்லாரும் கோட்டைக்குத் தாவிவிடுகிறார்கள். அதற்குப் பல நூற்றாண்டு முன்பே இந்த நிலம் எழுதத் தொடங்கிவிட்டது. ஊருக்கு வடக்கே திருநாதர்குன்று என்றொரு பாறை. அதில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களை இரண்டு வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டதைச் சொல்லும் கல்வெட்டும் அங்கே உண்டு. தமிழ் எழுத்து வளர்ச்சியை ஆய்கிறவர்கள் தவறாமல் எடுத்துக்காட்டும் பழைய கல்வெட்டுகளுள் அது ஒன்று. கோட்டைக்கு வருகிற கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட இந்தக் குன்றுக்குப் போவதில்லை.

தெற்கே விழுப்புரம் சாலைப் பக்கம் மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றி மும்மூர்த்திகளுக்கும் கோயில் எடுத்ததாக மகேந்திரவர்மப் பல்லவன் கல்வெட்டில் பெருமைப்பட்டுக்கொண்ட குடைவரை அங்கேதான். தளவானூர், பனைமலை, சிங்கவரம் என்று பல்லவர் கைபட்ட இடங்கள் சுற்றிலும் இருக்கின்றன. சிங்கவரத்தில் பள்ளிகொண்ட அரங்கநாதர் மலைப்பாறையோடு பாறையாக இருக்கிறார். அந்த ஊரின் பழைய பெயரான சிங்கபுரமே இப்பகுதியின் நாட்டுப் பெயராகச் சோழர் காலக் கல்வெட்டுகளில் வருகிறது. செஞ்சி என்ற பெயரையும் அதிலிருந்து வந்ததாகச் சொல்வார் உண்டு. செஞ்சியம்மன் என்ற காவல் தெய்வத்தின் பெயரே ஊருக்கானது என்பார் உண்டு. இரண்டில் ஒன்றை அடித்துச் சொல்லும் அளவுக்குச் சான்று வலுவாக இல்லை. ஊர்க்காரர்கள் அம்மன் பக்கம்.

மேலச்சேரி இன்றைய ஊரிலிருந்து சில கிலோமீட்டர். பழைய செஞ்சி என்று அதைத்தான் சொல்கிறார்கள். அங்கேயும் ஒரு பல்லவக் குடைவரை உண்டு. ஆனால் அதன் உண்மையான பெருமை திரௌபதியம்மன் கோயில். வடதமிழ்நாடு முழுதும் பாரதக் கூத்து, தீமிதி, மண்ணால் துரியோதனனைப் படுக்கவைத்து நடத்தும் படுகளம் என்று பரவிக்கிடக்கும் வழிபாட்டுக்கு மேலச்சேரியே தாய்வீடு என்பது பக்தர்களின் நம்பிக்கை. அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபெய்டல் 1988-இல் திரௌபதி வழிபாட்டைப் பற்றி எழுதிய பெரும் நூலின் முதல் தொகுதிக்கு, செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை என்ற பொருளில் துணைத்தலைப்பு வைத்தார். அந்த அம்மன் செஞ்சி அரசன் ஒருவனுக்குத் துணைநின்ற கதை கூத்து மரபில் இன்னும் வாழ்கிறது. அரசர்கள் போய்விட்டார்கள், அரசனின் கதையைக் குடியானவர்கள் விடிய விடிய ஆடுகிறார்கள்.

எட்டு நூற்றாண்டுகளில் எத்தனை கைகள்

கோட்டையின் தொடக்கத்தை 1190 என்று சொல்வது வழக்கம். ஆனந்தக் கோன் என்ற ஆடுமேய்ப்பவர் மலையில் புதையல் கண்டெடுத்து, சுற்றுவட்டாரத்தை வென்று, மலைக்கு ஆனந்தகிரி என்று பெயரிட்டார் என்பது கதை. பின்வந்த கிருஷ்ணக் கோன் பெயரால் கிருஷ்ணகிரி. இந்தக் கதைக்கு ஆதாரம் 1803 வாக்கில் நாராயணன் பிள்ளை எழுதிய 'கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்'. அறுநூறு ஆண்டுக்குப் பிறகு எழுதப்பட்டதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. புதையல் கிடைத்து அரசனான கதை இந்தியாவில் பல கோட்டைகளுக்கு உண்டு. ஆனால் ஆடு மேய்க்கும் ஒரு குலம் மலையைப் பிடித்து வலுத்தது என்ற உட்கருவை ஒதுக்க எனக்கு மனமில்லை. இந்த மேய்ச்சல் நிலத்தில் மலையின் ஒவ்வொரு ஏறுவழியும் யாருக்குத் தெரிந்திருக்கும்? ஆட்டின் பின்னால் அலைந்தவனுக்குத்தானே. செஞ்சி வரலாற்றை முறையாக எழுதிய சி. எஸ். சீனிவாசாச்சாரி (அவருடைய நூலை 1943-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது) இந்தச் சுவடியைக் கவனமாகவே கையாள்கிறார்.

விஜயநகரத்தின் ஆளுநர்களாக வந்து தனியரசர்களான நாயக்கர்கள் காலமே கோட்டைச் செஞ்சியின் உச்சம். நாம் இன்று பார்க்கும் களஞ்சியங்கள், கல்யாண மகால், வேங்கடரமணர் கோயில் எல்லாம் அவர்கள் வைத்துப்போனவை. பிமெண்டா வந்தது கிருஷ்ணப்ப நாயக்கர் காலத்தில்.

இங்கே பிமெண்டாவின் வாக்கியத்தைக் கொஞ்சம் உரசிப் பார்க்கவேண்டும். லிஸ்பனைத் தவிரப் போர்ச்சுகலில் எந்த நகரமும் ஈடில்லை என்றால் நம் காதுக்கு ஏதோ பிரமாண்டமாகக் கேட்கிறது. 1527-இல் போர்ச்சுகல் எடுக்கத் தொடங்கிய குடிமதிப்பில், லிஸ்பனுக்கு அடுத்த போர்ட்டோ, எவோரா போன்ற ஊர்களில் இருந்தவை ஏறத்தாழ மூவாயிரம் வீடுகள். வீட்டுக்கு ஐந்து பேர் என்று வைத்தாலும் பதினைந்தாயிரம். எழுபதாண்டில் அது கூடியிருக்கும் என்று தாராளமாக விட்டுக்கொடுத்தாலும் இருபதாயிரம், இருபத்தைந்தாயிரம். அப்படியானால் பிமெண்டா வியந்த செஞ்சியும் இன்று பேருந்தில் தூங்கிக்கொண்டே நாம் தாண்டும் செஞ்சியும் ஆள்கணக்கில் ஒன்றையொன்று நெருங்கி நிற்பவையாகவே இருக்கலாம். அவரை மலைக்க வைத்தது கோட்டையும் செல்வமும். நம்மைச் சலிக்க வைப்பது மற்ற ஊர்கள் அடைந்த வளர்ச்சி. இது என் கணிப்பு மட்டுமே. ஆனால் 'மாநகரம் குக்கிராமமானது' என்ற புலம்பலைவிட இதற்கு ஆதாரம் அதிகம்.

1649 வாக்கில் பீஜாப்பூர்ப் படை நாயக்கர்களை ஒழித்தது. 1677-இல் சிவாஜி கோட்டையைப் பிடித்துப் புதிதாகச் சுவர்களும் அரண்களும் எழுப்பினார். அவர் மகன் ராஜாராம் 1689-இல் மராட்டிய நாட்டிலிருந்து தப்பி இங்கே வந்து சேர, மராட்டிய அரசின் தலைநகரே செஞ்சியானது. அடுத்த ஆண்டு ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்ஃபிகார் கான் முற்றுகையிட்டார். 1698 வரை இழுத்தது அந்த முற்றுகை. இடையில் ஔரங்கசீப்பின் மகன் காம் பக்ஷே எதிரியோடு பேரம் பேசினார் என்று முகலாயப் பாசறைக்குள்ளேயே கைதானார். கோட்டை விழும் முன் ராஜாராம் நழுவிவிட்டார். ஜுல்ஃபிகார் கானுக்குக் கிடைத்த நுஸ்ரத் ஜங் என்ற பட்டத்தை ஒட்டிக் கோட்டைக்கு நுஸ்ரத்கட் என்று பெயர் சூட்டப்பட்டது. பெயர் ஊரில் ஒட்டவில்லை.

அந்த முற்றுகைக் காலத்தின் ஒரு விளைவு செஞ்சிக்கு வெளியே நிலைத்துவிட்டது. பணமுடையில் இருந்த மராட்டியர்கள் 1690-இல் கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றார்கள். கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு விழும் தூரம் வரையுள்ள ஊர்கள் கம்பெனிக்கு என்பது பேச்சு. கடலூரை அடுத்த குண்டு உப்பலவாடியின் பெயரில் அந்தக் குண்டு இன்னும் கிடக்கிறது. பெரிய பீரங்கியாகப் பார்த்துத்தான் கம்பெனிக்காரர்கள் சுட்டிருப்பார்கள்.

தேசிங்கு ராஜன் கதையைத் தமிழ்நாட்டில் அறியாதவர் குறைவு. புந்தேலா ராஜபுத்திரரான சொரூப் சிங் முகலாயர்களின் கோட்டைக் காவலராக இருந்தார். அவர் இறந்தபின் மகன் தேஜ்சிங், அதாவது கதையின் தேசிங்கு, ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானுக்குப் பணிய மறுத்துச் சண்டையிட்டு 1714 அக்டோபரில் மாண்டார். வயது இருபத்திரண்டு. ஆண்டது ஒரு வருடம்கூட இல்லை. எண்ணூறு ஆண்டுகளில் பத்து மாதம்! ஆனால் மக்கள் மனத்தில் செஞ்சி அவனுடைய ஊர். நீலவேணிக் குதிரையும், கல்யாணக் கோலத்தோடு களத்துக்கு வந்த தோழன் மகபத்கானும், சிதையேறிய இளம் மனைவியும் சேர்ந்து கதைப்பாடலாகி, கூத்தாகி, 1960-இல் எம்.ஜி.ஆர். நடித்த படமாகவும் ஆனது. அந்த ராணியின் நினைவாகவே நவாப் ராணிப்பேட்டைக்குப் பெயர் வைத்தார் என்பது வழக்கு. செஞ்சியை அடுத்த நீலாம்பூண்டியில் குதிரைக்கும் தோழனுக்கும் சமாதி காட்டுகிறார்கள். கோட்டைக்குள் சாதத்துல்லா கானின் பள்ளிவாசலும் நிற்கிறது. வென்றவன் பெயரைக் கேட்டால் உள்ளூர்ப் பிள்ளைகள் யோசிப்பார்கள்.

செஞ்சியைக் கைவிட வைத்தது காய்ச்சல்

தலைநகரம் ஏன் போனது என்ற கேள்விக்குப் போர்களைக் காரணமாகச் சொல்வது எளிது. ஆனால் போர்களுக்குப் பிறகும் பல நகரங்கள் எழுந்து நின்றிருக்கின்றன. செஞ்சியின் கதையில் இரண்டு காரணங்கள் எனக்கு வலுவாகத் தெரிகின்றன.

ஒன்று காய்ச்சல். குளங்களும் புதர்க்காடும் பாறைக்குழிகளில் தேங்கிய நீருமாகக் கொசுவுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. கர்நாடிக் எனப்பட்ட பகுதியிலேயே உடம்புக்கு ஆகாத இடம் என்று செஞ்சிக்குப் பெயர் இருந்தது. முற்றுகையில் வென்ற முகலாயர்கள் சில ஆண்டுகளிலேயே தலைமையிடத்தை ஆற்காட்டுக்கு மாற்றிக்கொண்டதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் கோட்டையைப் பிடித்துப் புதுச்சேரியை மகிழ்ச்சியில் ஆழ்த்தினார். அடுத்த பத்தாண்டில் அங்கே பிரெஞ்சுக்காரர்கள் நோய்க்குப் பறிகொடுத்த ஐரோப்பியச் சிப்பாய்கள் ஆயிரத்துக்கு மேல் என்று கணக்குச் சொல்கிறது. கோட்டையைப் பிடிக்கையில் இறந்தவர்கள் மிகச் சிலர். 1761-இல் புதுச்சேரி விழுந்தபின் செஞ்சி ஆங்கிலேயர் வசமானது. ஐதர் அலி 1780-இல் ஒருமுறை வந்துபோனார். அதோடு சரி.

இன்னொன்று, கோட்டையின் பயன் தீர்ந்துபோனது. வரி வசூலித்து, துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பி ஆள்கிற ஓர் அரசுக்கு முற்றுகை தாங்கும் மலை எதற்கு? பாலாற்றங்கரை ஆற்காடும் கடலோரச் சென்னையும் புதுச்சேரியும் அந்த வேலைக்கு ஏற்றவை. கோட்டைச் செஞ்சிக்கு இருந்த ஒரே தொழில் போர். போர் நின்றதும் வேலையிழந்தது.

அதன்பிறகு கல்லும் போனது. வேங்கடரமணர் கோயிலின் உயரமான தூண்களைப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். இன்று கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் எட்டுத் தூண்கள் அவைதாம். மாலைக் காற்று வாங்கப் போகிறவர்கள் சிலையோடு சேர்த்துச் செஞ்சியையும் படம் எடுத்துக்கொள்கிறார்கள், தெரியாமலே.

ரயில் கொடுத்தது கடைசி அடி. 1870-களில் சென்னையிலிருந்து தெற்கே போன பாதை திண்டிவனம், விழுப்புரம் வழியே போனது. பின்னர் விழுப்புரத்திலிருந்து காட்பாடிக்குப் போன பாதை திருவண்ணாமலையைத் தொட்டது. வரைபடத்தில் பார்த்தால் கிழக்கே திண்டிவனம், தெற்கே விழுப்புரம், மேற்கே திருவண்ணாமலை. மூன்றிலும் ரயில், நடுவில் செஞ்சி. தென்னார்க்காட்டு வேர்க்கடலை புதுச்சேரித் துறைமுகம் வழியாக மார்சேய் எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பலேறிய காலத்தில் ரயிலடி ஊர்களில் கிடங்குகள் எழுந்தன. செஞ்சி வண்டிமாட்டுத் தடத்தில் நின்றது. திண்டிவனம்–செஞ்சி–திருவண்ணாமலைப் புதிய பாதை இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே அறிவிக்கப்பட்டது. இன்னும் ரயில் ஓடவில்லை.

இன்று இருப்பவர்கள்

கெசட்டியர் எண்ணிய சில நூறு பேரிலிருந்து 27 ஆயிரம் வந்தது எப்படி? கோட்டை ஒருவரைக்கூடக் கூட்டிவரவில்லை. வட்டாட்சியர் அலுவலகம், நீதிமன்றம், பள்ளிக்கூடம், மருத்துவமனை, பேருந்து நிலையம், மார்க்கெட் கமிட்டி ஆகியவை கூட்டிவந்தன. சுற்றியுள்ள நூற்றுக்கணக்கான கிராமங்களுக்கு ஒரு கையெழுத்து, ஒரு ஊசி, ஒரு மூட்டை உரம் வாங்க இடம் தேவைப்பட்டது. மூன்று பக்க ரயிலடிகளுக்கும் சராசரியாக முப்பது, நாற்பது கிலோமீட்டர். இத்தனை இடைவெளிக்குள் ஒரு சந்தை ஊர் முளைத்தே தீரும். ரயில் ஒதுக்கியதால் பெரிய ஊராகவில்லை. அதே ரயில் எட்டத்தில் இருந்ததால்தான் இந்த அளவுக்காவது வளர்ந்தது.

2001-இல் சுமார் 21 ஆயிரம், 2011-இல் 27 ஆயிரம் என்றால் பத்தாண்டில் ஏறத்தாழ முப்பது விழுக்காடு வளர்ச்சி. மாநிலத்தின் வளர்ச்சி அப்போது 15.6 விழுக்காடு. அதே 2011-இல் தமிழ்நாட்டில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் நகரவாசிகள். அன்றைய விழுப்புரம் மாவட்டத்திலோ நூற்றுக்குப் பதினைந்து பேர். 1993-இல் தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்த இம்மாவட்டம் தமிழகத்தின் மிகக் கிராமத்தனமான மாவட்டங்களுள் ஒன்று. அப்படிப்பட்ட நாட்டுப்புறத்தில் செஞ்சி மாதிரி ஒரு பேரூர்தான் நகரம். கிராமத்துப் பிள்ளைக்கு முதல் ஐஸ்கிரீம், முதல் சினிமா, முதல் செல்போன் எல்லாம் இங்கேதான்.

மக்களைப் பற்றிச் சொல்வதானால் ஒவ்வொரு ஆட்சியும் கொஞ்சம் பேரை விட்டுப்போயிருக்கிறது. சுற்றுக் கிராமங்களில் வன்னியர்களும் தலித்துகளும் பெருந்தொகையினர். மாவட்டத்தின் மக்கள்தொகையில் பட்டியலினத்தவர் பங்கு 2011-இல் ஏறத்தாழ 29 விழுக்காடு. கோனார்கள் ஆனந்தக் கோனைத் தங்கள் முன்னோராகச் சொல்லிக்கொள்கிறார்கள். உருது பேசும் முஸ்லிம் குடும்பங்கள் ஊருக்குள் உண்டு. செங்கல் சூளைகளிலும் கரும்பு வெட்டிலும் உழைக்கும் இருளர்களுக்குச் சாதிச் சான்றிதழும் வீட்டுமனையும் இன்னும் போராட்டமாகவே இருக்கின்றன. இந்த ஊரின் மக்கள்தொகையைப் பேசுகிறவர்கள் அதைச் சொல்லாமல் போகக்கூடாது.

தமிழ்ச் சமணர்களைத் தனியே குறிப்பிட வேண்டும். அவர்களுடைய தலைமை மடம் செஞ்சி வட்டாரத்து மேல்சித்தாமூரில் இருக்கிறது. பார்சுவநாதர் கோயிலும் அங்கே உண்டு. சமணம் என்றால் மதுரைக் குன்றுகளோடு முடிந்துபோனது என்று நினைக்கிறவர்களுக்கு இங்கே நெல் அறுத்துக்கொண்டும் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டும் இருக்கிற, நயினார் எனப்படும் இந்தச் சமணர்களைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். செஞ்சியை ஆண்ட ஒருவன் சமணர்களைக் கொன்று தீர்க்கப் புறப்பட்டான், உயிருக்குப் பயந்தவர்கள் திருநீறு பூசிச் சைவரானார்கள் என்று ஒரு செவிவழிக் கதை. நீறுபூசி வேளாளர் என்ற பெயர் அதன் எச்சம் என்பார்கள். கதையில் எவ்வளவு உண்மையோ, திருநாதர்குன்றுத் தீர்த்தங்கரர்களிலிருந்து மேல்சித்தாமூர் மடம் வரை ஆயிரத்து ஐந்நூறு ஆண்டு அறாத தொடர்ச்சி இந்த வட்டாரத்தில் இவர்களுக்குத்தான்.

வயிற்றுப்பாட்டுக்கு வருவோம். அறுவடைக் காலத்தில் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல் மூட்டைகள் ஆயிரக்கணக்கில் குவியும். வண்டிகள் சாலைவரை வரிசை கட்டும். விவசாயிகள் அதைக் 'கமிட்டி' என்றுதான் சொல்வார்கள். கமிட்டிக்குப் போட்டேன், கமிட்டியில் விலை இறங்கிவிட்டது, மழை வந்து கமிட்டியில் நெல் நனைந்துவிட்டது என்று எல்லா வருத்தமும் அந்த ஒரு சொல்லில் அடங்கும். அறுவடை இல்லாத மாதங்களில் இளைஞர்கள் கட்டட வேலைக்குச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிறார்கள். மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு அமாவாசை தவறாமல் போகும் கூட்டம் செஞ்சி வழியே போவதால் அந்த இரவுகளில் பேருந்து நிலையம் உறங்குவதில்லை. அந்த ஓரிரவில் சாலையோரக் கடைகள் பார்க்கும் வியாபாரத்தைக் கோட்டைச் சுற்றுலா ஒரு வாரத்தில் தராது என்பது என் கணிப்பு. கோட்டைக்கு வருகிறவர்கள் புதுச்சேரியிலிருந்தோ சென்னையிலிருந்தோ காலையில் காரில் வந்து, மலையேறி, குரங்குக்கு பிஸ்கட் பறிகொடுத்து, மாலையில் திரும்பிவிடுகிறார்கள். தங்குவதில்லை.

2025 ஜூலையில் யுனெஸ்கோ 'மராட்டிய இராணுவ நிலக்காட்சிகள்' என்ற பெயரில் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில். பன்னிரண்டாவது செஞ்சி. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் மராட்டியர் கையில் இது இருந்தது 1677 முதல் 1698 வரை, இருபத்தோரு ஆண்டு. கோன்களும் நாயக்கர்களும் நவாப்பும் பத்து மாதத் தேசிங்கும் அந்தப் பெயர்ப்பலகைக்குள் அடங்கவில்லை. பட்டியலில் இடம்பிடிக்க ஏதாவது ஒரு சட்டையைப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். கோட்டைக்குள் வைக்கிற விளக்கப் பலகைகளிலாவது எல்லாருக்கும் இடம் வேண்டும். திருநாதர்குன்றுக்கும் மேலச்சேரிக்கும் வழிகாட்டும் பலகை நட்டாலே பாதிக் குறை தீரும். தொல்லியல் சட்டப்படி சின்னத்தைச் சுற்றி நூறு மீட்டருக்குக் கட்டடம் கூடாது, அதற்கப்பால் இருநூறு மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்டவேண்டும். ஊர் கிழக்கே வளர்வதற்கு அதுவும் ஒரு காரணம். ஒருவகையில் நல்லதே. கோட்டையும் ஊரும் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொள்ளாமல் அவரவர் இடத்தில் இருக்கிறார்கள்.

செஞ்சியைப் பார்க்கப் போவதாக இருந்தால் ஒரு வெள்ளிக்கிழமையாகப் பார்த்துப் போங்கள். அன்று வாரச் சந்தை. விடியுமுன்பே வெள்ளாடும் செம்மறியும் வண்டி வண்டியாக வந்து இறங்கும். தீபாவளிக்கும் பக்ரீத்துக்கும் முந்தைய சந்தைகளில் கோடிக்கணக்கில் வியாபாரம் நடக்கும். ஆனந்தக் கோன் கதை உண்மையோ பொய்யோ, இந்த ஊர் இன்னமும் ஆட்டுக்காரர்களின் ஊர்தான். சந்தையை முதலில் பாருங்கள், வெயில் ஏறுவதற்குள் கலைந்துவிடும். கோட்டை எங்கும் போய்விடாது.